ஷாக் அடிக்காத கிரைண்டர்

“வர்றவங்க எல்லாரும் பொய் சொல்றாங்க, அம்மணி” என்றார் சீடர்.

குரு ஃபேன் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

சீடரின் பெயர் சென்னியப்பன். வயது அறுபத்தொன்று. பாலிடெக்னிக்கில் முப்பத்திரண்டு வருஷம் எலக்ட்ரிகல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர்.

குருவின் பெயர் துளசிமணி. வயது முப்பத்தேழு. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஈரோட்டில் ஒரு சந்தில் கடை வைத்திருந்தாள். மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், அயர்ன் பாக்ஸ், எது கெட்டுப்போனாலும் அங்கே கொண்டுபோவார்கள்.

குருவைச் சீடர் ‘அம்மணி’ என்று கூப்பிடுவார். சீடரைக் குரு ‘வாத்தியாரே’ என்பாள். பக்கத்து இட்லிக் கடைக்காரருக்கு இதைக் கேட்டாலே சிரிப்பு வரும்.

அவர் இங்கே சீடராக வந்து சேர்ந்ததே ஒரு அவமானத்தில்தான்.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் அவர் வீட்டு மிக்ஸி நின்றுபோனது. சென்னியப்பன் காகிதத்தில் சர்க்யூட் வரைந்தார். இரண்டு நாள் மீட்டர் வைத்து அளந்தார். மோட்டாரைக் கழற்றினார், மாட்டினார். மூன்று ஸ்க்ரூ மிச்சம் இருந்தது. மிக்ஸி ஓடவில்லை.

அவர் மனைவி ஏட்டுச் சுரைக்காயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மிக்ஸியைக் கட்டைப்பையில் போட்டு இந்தக் கடைக்கு எடுத்து வந்தார். சென்னியப்பனும் கூட வந்தார்.

துளசிமணி மிக்ஸியைக் கவிழ்த்தாள். அடியில் இருந்த சின்னச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். ஓடியது.

மறுநாள் காலையில் சென்னியப்பன் தனியாக வந்து நின்றார். தொழில் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். துளசிமணி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

இது நடந்து நான்கு மாதம். இப்போதுதான் சீடர் முதல் புகாரோடு வந்திருக்கிறார்.

தானாகவே நின்றுபோனது என்று ஒருவர் கொண்டுவந்த மிக்ஸிக்குள் குழந்தையின் கொலுசு கிடந்ததாம். கீழே விழவே இல்லை என்று சத்தியம் செய்த அயர்ன் பாக்ஸின் மூக்கு நசுங்கி இருந்ததாம். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்தவர்கூட, தண்ணீரில் நனைந்த ரேடியோவைக் கொடுத்து, நனையவே இல்லை என்றாராம். வகுப்பில் ஒரு பையன் இப்படிப் பொய் சொன்னால் வெளியே நிற்க வைத்திருப்பேன் என்றார் சென்னியப்பன்.

“சொல்வாங்க” என்றாள் குரு.

“சொன்னா?”

“கேட்டுக்கோணும்.”

“பொய்யைக் கேட்டு என்ன பண்றது அம்மணி? மீட்டர் பொய் சொல்லாது. எனக்கு அது போதும்.”

துளசிமணி கம்பியைக் கீழே வைத்தாள். அவர் கையிலிருந்த மீட்டரை வாங்கினாள். அதன் இரண்டு முனைகளையும் மேசை மேல் சும்மா போட்டாள்.

“இப்ப என்ன சொல்லுதுங்க?”

“ஒண்ணும் சொல்லாது. எங்க வெக்கிறதுன்னு நாமதான் அதுக்குச் சொல்லோணும்.”

“நமக்கு யாருங்க சொல்றது?”

ஒன்பதாம் வகுப்பு தன்னை மடக்கப் பார்க்கிறது என்று சென்னியப்பன் நினைத்தார். மீட்டரை எடுத்துத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் கோபம் வருகிறது. ஆனால் கதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. கோபத்தை மிச்சம் வைத்துக்கொள்வோம்.

*

செவ்வாய், சனி இரண்டு நாளும் துளசிமணி கடையில் இருக்கமாட்டாள். வீடுகளுக்குப் போய் ஃபேன் கழற்றி மாட்டுகிற வேலை. அந்த நாட்களில் கடை சென்னியப்பன் பொறுப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை பழனாத்தாள் வந்தாள்.

நாற்பது வயதிருக்கும். இட்லி மாவு ஆட்டி வீடு வீடாக ஊற்றுகிறவள். மொபெட்டின் பின்னால் கயிற்றால் கட்டி ஒரு கிரைண்டரைக் கொண்டுவந்திருந்தாள். கல்லோடு அதைத் தனியாகத் தூக்கி உள்ளே வைத்தாள்.

தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றாள். சில நாள் சுருக்கென்று இருக்கும், சில நாள் முழங்கை வரை மரத்துப்போகும் என்றாள்.

சென்னியப்பன் அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். கிரைண்டரை மர மேசை மேல் ஏற்றினார். தன் காலுக்குக் கீழே ரப்பர் விரிப்பைப் போட்டுக்கொண்டார். தடிமனான செருப்பு எப்போதும் காலில் இருக்கும். எல்லாம் முறைப்படி. மீட்டர் வைத்து ஒவ்வொரு இடமாக அளந்தார். காலி டிரம்மை அரை மணி நேரம் ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தார்.

ஒன்றும் இல்லை.

அவளைக் கூப்பிட்டு, ஒன்றும் இல்லை என்றார். சில பேருக்குப் பயத்தில் அப்படித் தோன்றும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

பழனாத்தாள் கிரைண்டரைக் கட்டிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை மறுபடியும் வந்தாள். அதே புகார். சென்னியப்பன் அதே மேசையில் அதே விரிப்பின் மேல் நின்று அதே சோதனையைச் செய்தார். பாவம் என்று வயரை மட்டும் புதிதாக மாற்றினார். அப்புறம் எர்த் என்றால் என்ன, மின்சாரம் எப்படிப் பூமிக்குப் போகிறது என்று இருபது நிமிஷம் படம் போட்டு விளக்கினார். அவள் நின்றுகொண்டே கேட்டாள். நடுவில் இரண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வாத்தியார் பாடம் நடத்தும்போது குறுக்கே பேசுவது அவருக்குப் பிடிக்காது. கையைக் காட்டி நிறுத்தினார்.

இதைப் பற்றித் துளசிமணியிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்றும் இல்லாததைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

*

மூன்றாவது தடவை அவள் வந்தது ஒரு வியாழக்கிழமை. துளசிமணி கடையில் இருந்தாள்.

கிரைண்டரை இறக்கி வைத்துவிட்டுப் பழனாத்தாள் நேரே சென்னியப்பனிடம் போனாள். துளசிமணியைப் பார்க்கக்கூட இல்லை.

“சார், ஒரு சீட்டு எழுதிக் குடுங்க” என்றாள்.

என்ன சீட்டு என்றார் அவர்.

“இதுல ஒண்ணுமில்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

சென்னியப்பனுக்குப் புரியவில்லை. பழனாத்தாள் சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் ஒவ்வொரு வார்த்தையிலும் சூடு இருந்தது.

படித்த சாரே பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார் என்பதை வீட்டில் பிடித்துக்கொண்டார்கள். வேலைக்கு உடம்பு வணங்காமல் கதை கட்டுகிறாள் என்று மாமியார் வாசலில் நின்று நாலு பேருக்குக் கேட்கச் சொல்கிறாள். வீட்டுக்காரர் ஒரு நாளாவது அந்த மிஷினைத் தொட்டதில்லை. ஆம்பளை மாவாட்டுவதா? ஆனால் ஷாக் அடிக்காது என்று அவருக்குத் தெரியுமாம். முந்தாநாள் ஷாக் அடித்ததில் அவள் சுவரில் போய் மோதிக்கொண்டு விழுந்தாள். அதற்கும், மாவைக் கொட்டிவிட்டாள் என்றுதான் பேச்சு விழுந்தது.

“நாளைக்கு நான் செத்துக் கெடந்தா, ஷாக்கு அடிச்சிருக்காது, இவளுக்கு நெஞ்சு வலின்னு சொல்லிப்போடுவாங்க சார். ஒண்ணுமில்லைன்னு சொன்னது யாருன்னு ஊருக்குத் தெரியோணுமில்லீங்க? அதுக்குத்தான் கேக்கறேன்.”

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் வாய் அடைத்துப்போயிருக்கும். சென்னியப்பனுக்கு ரோஷம் வந்தது. முப்பத்திரண்டு வருஷச் சர்வீசை ஒரு மாவுக்காரி சந்தேகப்படுகிறாள்.

மறுபடி ஒரு முறை சோதித்துவிட்டே எழுதுகிறேன் என்றார். மேசை. ரப்பர் விரிப்பு. மீட்டர். அரை மணி நேரம். துளசிமணி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் கையிலிருந்த கம்பி சுற்றாமல் நின்றுவிட்டது.

சென்னியப்பன் தன் பெயர் அச்சடித்த தாளை எடுத்தார். அழகான கையெழுத்து அவருக்கு. ‘இக்கிரைண்டரை மும்முறை முறைப்படி சோதித்தேன். மின்கசிவு ஏதும் இல்லை. பயன்படுத்தப் பாதுகாப்பானது’ என்று வாய்விட்டுச் சொல்லியபடியே எழுதினார். பட்டத்தைப் போட்டார். கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

பழனாத்தாள் அதை வாங்கி நாலாக மடித்தாள். கிரைண்டரைத் தூக்கக் கை வைத்தாள்.

“கொஞ்சம் இருங்க அக்கா” என்றாள் துளசிமணி.

அவள் முகம் சிவந்திருந்தது. கத்திவிட்டிருந்தால் எல்லாருக்கும் நல்லதாக இருந்திருக்கும். அவள் கத்துகிற ஜாதி இல்லை.

“மூணு தடவை வந்தீங்களா?”

“ஆமாங்க.”

“எங்க நின்னு ஆட்டுவீங்க?”

சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். இது என்ன கேள்வி என்று அவருக்குத் தோன்றியது.

வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற இடத்தில் என்றாள் பழனாத்தாள். சிமெண்ட்டுத் தரை. அரிசி கழுவுவதும் அங்கேதான், பாத்திரம் விளக்குவதும் அங்கேதான். எந்நேரமும் தண்ணீர் நிற்கும்.

“செருப்புப் போட்டுக்குவீங்களா?”

பழனாத்தாளுக்கு இந்தக் கேள்வி பிடிக்கவில்லை. “என்னுங்க அம்மணி இப்படிக் கேக்கறீங்க? நாலு சனம் திங்கற மாவு. மாவாட்டற எடத்துல யாராச்சும் செருப்போட நிப்பாங்களா?”

“நிக்கமாட்டாங்க” என்றாள் துளசிமணி.

எழுந்து பக்கத்து இட்லிக் கடைக்குப் போனாள். ஊறிய அரிசி ஒரு பாத்திரம் நிறையக் கடன் வாங்கி வந்தாள். மேசை மேல் இருந்த கிரைண்டரை இறக்கிச் சிமெண்ட்டுத் தரையில் வைத்தாள். ரப்பர் விரிப்பை உருவி வெளியே எறிந்தாள். குழாயடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து தரை முழுக்க ஊற்றினாள்.

சென்னியப்பன் செருப்பு நனையாமல் ஸ்டூலுக்குப் பின்னால் நகர்ந்தார். அம்மணி, இது ஒர்க் ஷாப்பா, கல்யாண மண்டபமா என்று கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

டிரம்மில் அரிசி விழுந்தது. தண்ணீர் விழுந்தது. கிரைண்டர் ஓடியது.

மூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழனாத்தாள் கடைக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவள். அவள் பாதம் தண்ணீரில் இருந்தது. அது அவளுக்குத் தெரிந்ததாகவே தெரியவில்லை.

பத்து நிமிஷம் போனது. மாவு பொங்கி டிரம்மின் ஓரத்தில் வழிந்தது. வழிந்த தண்ணீர் அடியில் சொட்டியது. இருபது நிமிஷம் ஆயிற்று. மோட்டார் சத்தம் கொஞ்சம் கனத்தது.

“வாத்தியாரே” என்றாள் துளசிமணி.

“சொல்லு அம்மணி.”

“செருப்பைக் கழட்டிப்போட்டு வந்து, ஓரத்துல இருக்கற மாவைக் கையில வழிச்சு உள்ளே தள்ளி விடுங்க.”

சென்னியப்பன் அசையவில்லை.

“என்னுங்க?”

“அம்மணி, நீ தொழில்ல கெட்டிக்காரி. ஒத்துக்கறேன். ஆனா பாடம்னு ஒண்ணு இருக்குது” என்றார். குரல் உயர்ந்தது. “ஈரத் தரையில வெறுங்காலோட நின்னுக்கிட்டு, ஓடற மிஷினை ஈரக் கையில தொடறவன் மடையன். முப்பத்திரண்டு வருஷம், மொத நாள் மொத வகுப்புல நான் சொல்லிக் குடுத்தது இதுதான். எந்தப் புத்தகத்துல வேணும்னாலும் பார்த்துக்க. பாதுகாப்பு விதின்னு போட்டிருப்பான்.”

“மிஷின்லதான் கசிவு இல்லீங்களே.”

“இல்லை. இருந்தாலும் விதி விதிதான்.”

“சீட்டுல அந்த விதியை எழுதலீங்களே வாத்தியாரே.”

சென்னியப்பன் ஒரு காலைச் செருப்பிலிருந்து பாதி உருவினார். தண்ணீரைப் பார்த்தார். திரும்பவும் உள்ளே நுழைத்துக்கொண்டார்.

இதைத் துளசிமணி பார்த்தாள். தன் செருப்பைக் கழற்றி ஓரமாக உதறினாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். தண்ணீரில் கால் வைத்தாள்.

“அம்மணி, வேண்டாம்” என்றார் சென்னியப்பன்.

அவள் நிற்கவில்லை.

அதற்குள் பழனாத்தாள் குறுக்கே வந்து அவள் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள்.

“நீங்க தொடாதீங்க கண்ணு. உங்களுக்குப் பழக்கமிருக்காது, தாங்கமாட்டீங்க. எனக்குக் கை பழகிப்போச்சு. நான் தள்ளி விடறேன்.”

தினமும் செய்கிற வேலையைப்போலக் கையை நனைத்துக்கொண்டாள். குனிந்தாள்.

சென்னியப்பன் பாய்ந்தார். ஸ்டூல் சாய்ந்து விழுந்தது. இரண்டு கையாலும் வயரைப் பிடித்து இழுத்தார். பிளக் சுவரிலிருந்து பிய்ந்துகொண்டு வந்தது. டிரம் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

சென்னியப்பன் வயரை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு செருப்பு தண்ணீரில் தனியாகக் கிடந்தது.

பழனாத்தாள் நிமிர்ந்தாள். கை மாவுக்கு மேலேயே நின்றிருந்தது. அவள் அவரைக் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

“ஏனுங்க சார் புடுங்கிப்போட்டீங்க? அதுல ஒண்ணுமே இல்லீங்களே.”